வாசல் மாறிக்கிட்டே இருக்கும் வீட்டுக்கு ஒரு பெயர்: டைனமிக் டி.என்.எஸ். வந்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எடுத்திருக்கிற விஷயம் பார்க்க ரொம்பச் சின்னது. உங்க வீட்டு ரவுட்டருக்கு இன்டர்நெட் கம்பெனி ஒரு ஐ.பி. முகவரி கொடுக்கிறது. கரண்ட் போய் வந்தால் அது மாறிவிடலாம். வீட்டில் ஒரு ராஸ்பெரி பையில் குடும்பப் போட்டோக்களை எல்லாம் போட்டு வைத்திருக்கிறீர்கள், வெளியூரில் இருந்து பார்க்கணும். எந்த முகவரிக்குப் போவீங்க? நேத்து குறிச்சு வச்ச நம்பர் இன்னைக்கு வேறு யாரோ ஒருத்தர் வீட்டு நம்பர்.

இதற்குத் தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெயரை வாங்கி, முகவரி மாறும்போதெல்லாம் அந்தப் பெயர் புது முகவரியைக் காட்டுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராமை ஓட விடுவது. டைனமிக் டி.என்.எஸ். என்று பேர். ரவுட்டர் மெனுவில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும், பாதிப் பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். ஆனா அந்த மெனுவுக்குப் பின்னாடி ஒரு நாற்பது வருஷக் கதை இருக்கு. வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டில் ஒரு முழு உறுப்பினரா, இல்லை வேடிக்கை பார்க்கிற ஆள் மட்டும்தானா என்கிற சண்டை அது. அதில் யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா, பதில் நமக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்காது.

போன் பண்ணிப் பெயர் சேர்த்த காலம்

ஆர்பாநெட் காலத்துக்குப் போகலாம். அப்போது பெயருக்கும் முகவரிக்குமான தொடர்பு ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. ஹோஸ்ட்ஸ்.டி.எக்ஸ்.டி. கலிஃபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்பவர் நடத்திய தகவல் மையம் அதைப் பராமரித்தது. உங்கள் கல்லூரியில் ஒரு புது மெஷின் வந்தால், ஆபீஸ் நேரத்தில் அந்த மையத்துக்குப் போன் போட்டுச் சொல்லணும். அவங்க ஃபைலில் சேர்ப்பாங்க. மற்ற எல்லோரும் அந்த ஃபைலை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். மொத்த நெட்வொர்க்கும் சில நூறு மெஷின்கள்தான் என்பதால் இது ஓடியது.

மெஷின்கள் கூடக் கூட, ஃபைல் பெருத்துவிட்டது. தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் மொக்கபெட்ரிஸ், 1983-ல் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்தார். ஒரே ஃபைல் வேண்டாம், அவரவர் பகுதியை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும், கேட்கிறவர்கள் கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். இதுதான் சாராம்சம். 1987-ல் ஆர்.எஃப்.சி. 1034, 1035 என்று அதன் திருத்திய வடிவம் வந்தது. இன்னைக்கும் நாம் அதன்மேல்தான் ஓடுகிறோம்.

அந்தக் "கொஞ்ச நேரம் ஞாபகம்" என்பதுதான் நம்ம கதைக்கு முக்கியம். ஒவ்வொரு பதிலோடும் ஒரு ஆயுள் வரும், டி.டி.எல். என்று பெயர், வினாடிக் கணக்கில் இருக்கும். 86,400 என்று போட்டிருந்தால், இந்தப் பதிலை ஒரு நாள் வரைக்கும் திரும்பக் கேட்காமல் வைத்துக்கொள் என்று அர்த்தம். ஆர்.எஃப்.சி. 1034-ஐத் திறந்து பார்த்தீங்கன்னா, சாதாரண மெஷினுக்கு இந்த ஆயுள் நாள் கணக்கில் இருக்கணும்னு ஆலோசனை சொல்லியிருப்பார்கள். 1987-ல் நியாயமான ஆலோசனைதான். அன்னைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. ரூமில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டி. அதை ராத்திரியோடு ராத்திரியாக யாரும் தூக்கிக்கொண்டு போகப்போறதில்லை. முகவரி மாறும் என்பதே ஒரு அபூர்வ நிகழ்ச்சி. டி.என்.எஸ்.ஸின் எலும்பிலேயே இந்த நம்பிக்கை ஊறியிருக்கு.

முகவரி வாடகைக்குப் போனது

90-களின் நடுவில் இன்டர்நெட் வீட்டுக்கு வந்தது, டெலிபோன் லைன் வழியாக. உதாரணத்துக்கு ஒரு கம்பெனிக்கு முந்நூறு வாடிக்கையாளர்கள், ஆனால் ஒரே நேரத்தில் முப்பது பேர்தான் டயல் செய்ய முடியும், ஏன்னா மோடமே முப்பதுதான் இருக்கு. அப்போ முந்நூறு முகவரி எதுக்கு? முப்பது போதும். யார் உள்ளே வருகிறார்களோ அவர்களுக்குக் காலியாக இருப்பதில் ஒன்று. கிளம்பினால் அது அடுத்தவருக்கு. லாட்ஜ் ரூம் சாவி மாதிரி.

ஆபீஸ் நெட்வொர்க்கிலும் இதே எண்ணம் வந்தது. ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய டி.எச்.சி.பி. 1993 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1531 ஆக வெளியானது. அதில் முகவரி கொடுப்பதற்கு "லீஸ்" என்றே பெயர். நம்ம ஊர்க் குத்தகைதான். குத்தகைக் காலம் பாதி ஆனதும் மெஷின் போய் "இன்னும் கொஞ்ச நாள் நானே வச்சுக்கவா?" என்று கேட்கும். பெரும்பாலும் சரி என்று பதில் வரும். அதனால் கேபிள் இணைப்புகளில், ரவுட்டரை அணைக்காமல் வைத்திருந்தால், மாதக் கணக்கில்கூட ஒரே முகவரி நீடிக்கும். டி.எஸ்.எல். இணைப்பில் அப்படி இல்லை. பி.பி.பி.ஓ.இ. மூலம் ஒவ்வொரு தடவையும் லாகின் செய்வதால், லைன் விட்டு வந்தாலே புது முகவரி வர வாய்ப்பு அதிகம்.

ஜெர்மனியில் இது உச்சத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் டாய்ச்ச டெலிகாம் டி.எஸ்.எல். இணைப்பை 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாகவே துண்டித்துவந்தது. உடனே திரும்ப இணைக்கலாம், ஆனால் முகவரி மாறியிருக்கும். நீங்க பிஸியான நேரத்தில் அறுந்துபோகக் கூடாதே என்று, அங்கே வீடு வீடாக இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டரில் "விடியற்காலை மூணு மணியில் இருந்து நாலுக்குள் துண்டித்துக்கொள்" என்று அமைக்க ஒரு வசதியே வைத்தார்கள். ஒரு தொந்தரவு எப்படி ஒரு செட்டிங்காகக் குடியேறிவிடுகிறது பாருங்க.

ஏன் இப்படி? முகவரிப் பற்றாக்குறை ஒரு காரணம், அது உண்மையான காரணம். இன்னொன்று வியாபாரம். நிலையான முகவரி என்பது கம்பெனிகளுக்கு அதிக விலையில் விற்கும் சரக்கு. வீட்டு இணைப்பிலேயே அது கிடைத்தால் அந்தச் சரக்கை யார் வாங்குவார்? அமெரிக்காவில் பல கேபிள் கம்பெனிகளின் ஒப்பந்தத்திலேயே "வீட்டில் சர்வர் ஓட்டக் கூடாது" என்று ஒரு வரி இருந்தது. 2001-ல் கோட் ரெட் புழு பரவியபோது சில கம்பெனிகள் வீட்டு இணைப்புக்கு உள்ளே வரும் 80-ஆம் போர்ட்டையே அடைத்தன. பாதுகாப்புக்காகத்தான் அடைத்தார்கள், ஆனால் அடைத்ததை எல்லோரும் திறந்துவிடவில்லை.

இந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன தேவை வந்தது? க்வேக் மாதிரி கேமை நண்பர்களோடு ஆட ஒருவர் வீட்டு மெஷின் சர்வராக இருக்கணும். லினக்ஸ் படிக்கிற மாணவனுக்கு ஹாஸ்டலில் இருந்து வீட்டு மெஷினுக்குள் போகணும். சொந்தமாக ஒரு வெப்சைட் வைக்கணும். எல்லாத்துக்கும் ஒரே கேள்வி: "உன் ஐ.பி. இப்போ என்ன?" போனில் கேட்டு, பேப்பரில் எழுதி, தட்டச்சு செய்து... ஃபைன்லர் காலத்துக்கே திரும்பப் போன மாதிரிதான்.

அதிகாரப்பூர்வ வழியும் மாணவர்கள் போட்ட வழியும்

தரநிலை எழுதுகிறவர்கள் சும்மா இருக்கவில்லை. 1997 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 2136 வந்தது. டி.என்.எஸ். பதிவுகளை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவதற்கான முறை. எழுதிய நால்வரில் ஒருவர் பால் விக்ஸி, பைண்ட் என்கிற புகழ்பெற்ற டி.என்.எஸ். சர்வரைப் பல வருஷம் வளர்த்தவர். நல்ல வடிவமைப்பு அது. இந்தப் பதிவு இருந்தால் மட்டும் மாற்று, இல்லாவிட்டால் விட்டுவிடு என்றெல்லாம் நிபந்தனை போடலாம். விண்டோஸ் 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி வந்தபோது மைக்ரோசாஃப்ட் இதையே பயன்படுத்தியது. இன்னைக்கும் பெரிய ஆபீஸ்களுக்குள் உங்க லேப்டாப் தன் பெயரைப் பதிந்துகொள்வது இந்த வழியில்தான்.

ஆனால் வீட்டுக்கு இது வரவே இல்லை. காரணம் ரொம்ப லௌகீகமானது. யார் மாற்றுகிறார்கள் என்று சரிபார்க்க ரகசியச் சாவி வேண்டும், அதற்கான டி.எஸ்.ஐ.ஜி. தரநிலை 2000-ல்தான் வந்தது. அந்தச் சாவியை உருவாக்கி இரண்டு பக்கமும் பத்திரமாக வைக்க ஒரு சிஸ்டம் அட்மின் வேண்டும். வீட்டில் இருப்பவரிடம் இருந்தது ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்ட், ஒரு பிரவுசர். அவ்வளவுதான்.

அந்த மூன்றை மட்டும் நம்பி இறங்கியவர்கள்தான் ஜெயித்தார்கள். முதலில் பேர் வாங்கியது எம்.எல்.ஆர்க் என்ற இலவச சேவை, மோனோலித் என்கிற குழு நடத்தியது. யார் வேண்டுமானாலும் ஒரு துணைப் பெயரை எடுத்து, தன் மாறும் முகவரிக்குக் காட்டலாம். 90-களின் கடைசியில் அது மூடப்பட்டது. அதை நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. இந்தக் கதையில் இப்படி ஒரு மூடல் முதல் தடவை, கடைசித் தடவை இல்லை.

அதே சமயம், மாசசூசெட்ஸில் வூஸ்டர் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த நாலு மாணவர்கள், ஜெரமி ஹிட்ச்காக், டாம் டேலி, டிம் வைல்ட், கிறிஸ் ரெய்ன்ஹார்ட், ஒரு புராஜெக்ட் வைத்திருந்தார்கள். தொடக்கத்தில் லேப் கம்ப்யூட்டரை வெளியில் இருந்து அணுகவும், பிரின்ட் எடுக்கவும்தான். அதில் இருந்து வளர்ந்து 'டின்-டி.என்.எஸ்.' என்ற இலவச சேவையானது. ஒரு கட்டத்தில் காசு தீர்ந்தது. 25,000 டாலர் இல்லாவிட்டால் மூடணும் என்று பயனர்களிடம் கேட்டார்கள், 40,000-க்கும் மேல் வந்தது. எவ்வளவு பேர் அந்தச் சின்னப் பெயரை நம்பி இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அவங்க கொடுத்த பெயர்களைப் பார்த்தாலே அந்தக் காலத்தின் வாசனை வரும். ஹோம்ஐபி.நெட், ஹோம்லினக்ஸ்.ஆர்க், ஈஸ்-எ-கீக்.காம். சமையல்காரர்களுக்கு ஈஸ்-எ-செஃப்.காம்கூட உண்டு. நிஜமாவே இருந்தது.

தொழில்நுட்பம் எப்படி? ரொம்ப எளிமை. ஒரு சாதாரண வெப் முகவரியைத் திறக்கிற மாதிரிதான். "என் பெயர் இது, என் ஐ.பி. இது" என்று யூசர்நேம், பாஸ்வேர்டோடு ஒரு வேண்டுகோள் போகும். பாதையில் 'நிக்', 'அப்டேட்' என்று இரண்டு சொற்கள். திரும்பி ஒரே வார்த்தையில் பதில் வரும். 'குட்' என்றால் மாற்றியாச்சு. 'நோ சேஞ்ச்' என்பதன் சுருக்கம் வந்தால், அதே முகவரிதான், சும்மா தொந்தரவு பண்ணாதே. திரும்பத் திரும்ப அப்படித் தொந்தரவு பண்ணினால் 'அப்யூஸ்' என்று வரும், உங்கள் பெயர் முடக்கப்படும். சர்வரில் கோளாறு என்றால் '911', அமெரிக்காவில் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடும் எண். இன்னொரு பதில் உண்டு: 'டொனேட்டர்' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு ஆச்சரியக்குறி. நீ நன்கொடை கொடுத்தவன் இல்லை, இந்த வசதி உனக்குக் கிடையாது என்று அர்த்தம். புரோகிராமர்களுக்குத் தெரியும், ஆச்சரியக்குறி என்றால் 'இல்லை'. எனக்கு இந்த ஒரு பதில்தான் ரொம்பப் பிடிக்கும். கடைசிக் காசுக்குக் கைநீட்டிய ஒரு மாணவர் புராஜெக்ட்டின் நிலைமை அப்படியே புரோட்டோகாலுக்குள் உறைந்து கிடக்கு.

இதை யாரும் தரநிலை என்று அறிவிக்கவில்லை. ஆனால் ரவுட்டர் செய்கிற கம்பெனிகள் இதைத்தான் உள்ளே எழுதின. போட்டியாக வந்த நோ-ஐ.பி. இதே பாதையை வைத்தது. டிடிகிளையன்ட் என்கிற பெர்ல் புரோகிராமில் இந்த முறைக்கு 'டின்டிஎன்எஸ்2' என்றே பெயர். பல வருஷம் கழித்து கூகுள் டொமைன்ஸ் இந்த வசதியைக் கொடுத்தபோது, அதுவும் அதே 'நிக், அப்டேட்', அதே 'குட்', அதே '911'. கூகுளில் உட்கார்ந்து யாரோ ஒரு எஞ்சினியர் 911 என்று தட்டச்சு செய்திருப்பார், ஏன்னு யோசிச்சிருப்பாரா தெரியலை.

இரண்டு நுணுக்கம் சொல்லிட்டு நகரலாம். ஒன்று, வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குத் தன் வெளி முகவரி தெரியாது. ரவுட்டர் அதற்கு 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு எண்ணைத்தான் கொடுத்திருக்கும். அதனால் வெளியே ஒருத்தரிடம் "என்னை நீ எந்த முகவரியில் பார்க்கிறாய்?" என்று கேட்கணும். கேட்டால் ஒரே வரியில் ஐ.பி.யைச் சொல்லும் ஒரு பக்கத்தை டின்-டி.என்.எஸ். இதற்காகவே வைத்திருந்தது. நம்ம முதுகை நாமே பார்க்க முடியாத மாதிரி.

இரண்டு, ஆயுள். நாள் கணக்கில் இருக்க வேண்டிய டி.டி.எல்.லை 60 வினாடியாகக் குறைத்தார்கள். கேள்விகள் அதிகமாக வரும், சர்வருக்குப் பாரம், ஆனால் வேறு வழி இல்லை. ஏன்னா பழைய பதில் எங்காவது தங்கிவிட்டால் நடப்பது வெறும் "பக்கம் திறக்கவில்லை" மட்டும் இல்லை. உங்க பழைய முகவரி இப்போ வேறு ஒருத்தர் வீடு. உங்க நண்பர் உங்க பெயரைத் தட்டினால் அவங்க வாசலில் போய் நிற்பார். உங்க ஆப் உங்க பாஸ்வேர்டை அவங்க மெஷினிடம் நீட்டும். சான்றிதழ் சரிபார்ப்பு வீட்டு சர்வர்களில் அரிதாக இருந்த காலத்தில் இது சின்ன ஆபத்து இல்லை.

2014, பிறகு 2016

டின்-டி.என்.எஸ். வளர்ந்து டின் என்ற கம்பெனி ஆனது, நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் நகரில் தலைமையகம். பெரிய வெப்சைட்டுகளுக்கு டி.என்.எஸ். சேவை விற்பதுதான் இப்போது பிழைப்பு. 2014 ஏப்ரல் 7-ஆம் தேதி அறிவிப்பு வந்தது: இலவசப் பெயர்கள் மே 7-ஓடு முடிந்தது. முப்பது நாள் அவகாசம். கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. பதினைந்து வருஷம் சும்மா கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சுவரில் மாட்டிய கேமரா பெட்டிக்குள், எப்போதோ யாரோ அமைத்துவிட்டுப் போன செட்டிங்கில் அந்தப் பெயர் இருந்தது. அதை யார் போய் மாற்றுவது?

நிறைய பேர் நோ-ஐ.பி.க்கு மாறினார்கள். மாறி இரண்டு மாசம்கூட ஆகவில்லை. ஜூன் 30, அந்தப் பெயர்களும் காணாமல் போயின.

இந்தத் தடவை நடந்தது வேற மாதிரி. பிளாடாபிண்டி, ஜென்க்ஸ்கஸ் என்ற இரண்டு தீநிரல் குடும்பங்கள் நோ-ஐ.பி. பெயர்களை அதிகம் பயன்படுத்தின. யோசித்துப் பார்த்தால் இயல்புதான். திருடனுக்கும் வீட்டில் இருந்தே வேலை, அவனுக்கும் மாறும் முகவரி, அவனுக்கும் ஒரு நிலையான பெயர் வேணும். மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவின் நெவாடா நீதிமன்றத்துக்குப் போய், எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே ஒரு தடை உத்தரவு வாங்கியது. நோ-ஐ.பி.யின் இருபதுக்கும் மேற்பட்ட டொமைன்கள் மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்தன. திட்டம் என்னவென்றால், சுமார் 18,000 கெட்ட துணைப்பெயர்களை வடிகட்டிவிட்டு, மீதி எல்லாவற்றுக்கும் வழக்கம்போலப் பதில் சொல்வது.

மீதி எல்லாவற்றுக்கும் பதில் போகவில்லை. மைக்ரோசாஃப்ட் ஒரு தொழில்நுட்பப் பிழை என்று பிறகு சொன்னது, நோ-ஐ.பி.யோ அத்தனை கேள்விகளைத் தாங்கும் சக்தி அவர்கள் சர்வருக்கு இல்லை என்றது. நோ-ஐ.பி. கணக்குப்படி சுமார் 18 லட்சம் வாடிக்கையாளர்களின் 40 லட்சம் பெயர்கள் பாதிக்கப்பட்டன. ஜூலை 3 அளவில் டொமைன்கள் திரும்பி வந்தன. ஜூலை 9 அன்று சமரசம் என்று அறிவிப்பு, நோ-ஐ.பி. தெரிந்தே உடந்தையாக இருக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே ஒப்புக்கொண்டு வருத்தமும் தெரிவித்தது. எங்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்தப் பெயர்களை நாங்களே எடுத்திருப்போமே என்பதுதான் நோ-ஐ.பி. தரப்பின் வாதம். எனக்கு அது நியாயமாகப் படுகிறது. பதினெட்டாயிரம் பெயருக்காக நாற்பது லட்சத்தை நிறுத்தினால், கணக்கு எங்கேயோ இடிக்குது.

இதில் வெளியே வந்தது ஒரு உண்மை. அந்தத் துணைப்பெயர் உங்களுடையது இல்லை. முப்பது நாளில் ஒரு கம்பெனி எடுத்துக்கலாம், ஒரே நாளில் ஒரு நீதிமன்றம் எடுத்துக்கலாம். இரண்டிலும் உங்ககிட்ட யாரும் கேட்கப்போறதில்லை.

2016 அக்டோபர் 21. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஏழு மணி, நமக்குச் சாயங்காலம். ட்விட்டர், ரெடிட், ஸ்பாட்டிஃபை, கிட்ஹப் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் டி.என்.எஸ். பதில் சொல்லிக்கொண்டிருந்தது டின். அதன் சர்வர்கள் மீது மிராய் என்ற தீநிரல் பிடித்துவைத்த சாதனங்கள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. டின் பிறகு மதிப்பிட்டது, ஒரு லட்சம் சாதனங்கள் வரை. என்ன சாதனங்கள்? பெரும்பாலும் வீட்டு ஐ.பி. கேமராக்கள், கேமரா பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டிகள், ரவுட்டர்கள். மிராய் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டெல்நெட் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும், தொழிற்சாலையில் வைத்த யூசர்நேம், பாஸ்வேர்ட் அறுபது சொச்சத்தைப் போட்டுப் பார்க்கும்.

டி.வி.ஆர். வாங்கியவர்களுக்குத் தெரியும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கேமரா செட் வாங்கினால், மாட்டிக் கொடுக்க வருகிற பையன் ரவுட்டரில் போர்ட் திறந்து, டி.டி.என்.எஸ். மெனுவில் ஒரு பெயரைப் போட்டு, "அண்ணே, இனிமே போன்லயே கடையைப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த மெனுவில் வரும் முதல் சில பெயர்களில் ஒன்று டின்-டி.என்.எஸ். வீட்டுக் கதவை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கப் பெயர் கொடுத்த கம்பெனியை, அப்படிக் கதவு திறந்து கிடந்த பெட்டிகளே அடித்து வீழ்த்தின. டெல்நெட் திறந்து கிடந்ததற்கு டைனமிக் டி.என்.எஸ். காரணம் இல்லை, அது பெட்டி செய்தவர்களின் அலட்சியம். ஆனா இரண்டும் ஒரே வாசல் வழியா வந்த விருந்தாளிகள். அடுத்த மாசமே ஆரக்கிள் டின்னை வாங்குவதாக அறிவித்தது.

கூகுள் டொமைன்ஸ் சொன்னேன் இல்லையா? அது 2023-ல் ஸ்கொயர்ஸ்பேஸுக்கு விற்கப்பட்டது. புது இடத்தில் டைனமிக் டி.என்.எஸ். வசதி கிடையாது. மூடல் கணக்கில் இன்னொன்று சேர்த்துக்குங்க.

பெயர் சரி, வாசலே இல்லை

இப்போ நம்ம ஊர். 2005-ல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது, வீட்டு மோடத்துக்கு ஒரு பொது ஐ.பி. கிடைத்தது. மாறும், ஆனால் உண்மையான முகவரி. டைனமிக் டி.என்.எஸ். அதில் ஜம்முனு ஓடும். அந்த ஒரு தலைமுறைக்கு இந்த வித்தை தெரியும்.

2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பில் இருந்த கடைசி ஐ.பி.வி4 தொகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஏப்ரலில் நம்ம ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் ரேஷன் முறைக்கு வந்தது. அதற்கப்புறம் வந்த ஒரு புதுக் கம்பெனிக்கு அந்தக் கடைசித் தொகுதியில் இருந்து, 2019 வரை, அதிகபட்சம் 1,024 முகவரிதான் கிடைத்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்து முடித்த பிறகுதான் நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு ஃபைபரே வந்தது என்பதை யோசிச்சுப் பாருங்க. கேபிள் டி.வி. நடத்திக்கொண்டே இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த ஒரு ஊர்க்காரர் ஆயிரத்துச் சொச்சம் முகவரியை வைத்து எத்தனை ஆயிரம் வீட்டுக்குக் கொடுப்பார்?

பதில், சி.ஜி.நாட். உங்கள் ரவுட்டர் வீட்டுக்குள் செய்கிற பங்கிடலைக் கம்பெனி தன் பக்கத்தில் இன்னொரு தடவை செய்கிறது. நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால். இதற்காகவே 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6598 வந்து, 100.64-ல் தொடங்கி 100.127 வரைக்கும், நாற்பது லட்சம் சொச்சம் முகவரிகளை ஒதுக்கியது. எங்க வீட்டு ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தாலும் வெளி முகவரி என்ற இடத்தில் 100-ல் ஆரம்பிக்கும் எண்தான் இருக்கு.

இங்கேதான் டைனமிக் டி.என்.எஸ். பரிதாபமான நிலைக்கு வருகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும். வெளியே கேட்கும், ஒரு முகவரி வரும், பெயரை அதற்குக் காட்டும், 'குட்' என்று பதிலும் வரும். ஆனால் அந்த முகவரியில் கதவைத் தட்டினால் திறப்பது உங்க வீடு இல்லை, கம்பெனியின் பெட்டி. நூறு வீட்டில் யாருக்கு வந்த விருந்தாளி என்று அதற்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடும். அபார்ட்மென்ட் வாசலில் பிளாட் நம்பர் எழுதாத பார்சல் மாதிரி. இன்டர்நெட் ஃபோரங்களில் "டி.டி.என்.எஸ். வேலை செய்யலை" என்று புலம்புகிற நம்ம ஊர் ஆட்களில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை டி.டி.என்.எஸ்.ஸே இல்லை.

தப்பிக்க மூணு வழி. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம், எல்லாக் கம்பெனியும் வீட்டுக்குத் தராது. இரண்டாவது, சுரங்கப்பாதை. வெளியில் இருந்து உள்ளே வர முடியாது, ஆனால் உள்ளே இருந்து வெளியே போக முடியும் அல்லவா? வீட்டு மெஷினே வெளியில் உள்ள ஒரு சர்வருக்கு இணைப்பு போட்டு, அதைத் திறந்தே வைத்துக்கொள்ளும். வருகிறவர்கள் அந்த சர்வர் வழியாக வரலாம். கிளவுட்ஃப்ளேர் 2021-ல் இதை இலவசமாக்கியது. டெயில்ஸ்கேல் வேறு விதமாக, உங்க சாதனங்களை மட்டும் சேர்த்து ஒரு தனி நெட்வொர்க் போடுகிறது. இரண்டும் நல்லாவே ஓடுது, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மறுபடியும் ஒரு கம்பெனியின் இலவசப் புண்ணியத்தில்தான் நிற்கிறோம். 2014 ஏப்ரல் 6-ஆம் தேதி டின்-டி.என்.எஸ். பயனர்கள் நின்ற இடம் இது.

மூணாவது ஐ.பி.வி6. இங்கே இந்தியா பின்தங்கி இல்லை, 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததில் இருந்து உலகத்தில் முன்வரிசையில் இருக்கோம். முகவரிப் பஞ்சமே இல்லை, வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் சொந்தப் பொது முகவரி. அப்போ பிரச்சினை முடிஞ்சுதா? முடியலை. கம்பெனி கொடுக்கும் முகவரியின் முன்பகுதியே பல இணைப்புகளில் மாறும். மாறினால் ரவுட்டர் முகவரி மட்டும் இல்லை, வீட்டில் உள்ள அத்தனை சாதனத்தின் முகவரியும் சேர்ந்து மாறும். முன்னாடி ரவுட்டர் ஒருத்தர் எல்லாருக்காகவும் அப்டேட் பண்ணினால் போதும். இப்போ ஒவ்வொரு மெஷினும் தனக்குத் தானே பண்ணணும். போதாக்குறைக்கு, பின்தொடர்வதைத் தடுக்க மெஷின்களே தற்காலிக முகவரிகளை அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. புரோகிராம் அந்தத் தற்காலிக முகவரியை எடுத்துப் பதிந்துவிட்டால், நாளைக்கே பெயர் எங்கேயோ காட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டும் செய்து பார்க்கணும்னு ஆசை இருந்தா, முதலில் ரவுட்டருக்குள் போய் வெளி முகவரியைப் பாருங்க. பிறகு பிரவுசரில் உங்க ஐ.பி. என்னன்னு தேடுங்க. இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்கு வாசல் இருக்கு. 100-ல் தொடங்கினால், ஐ.பி.வி6 இருக்கான்னு பாருங்க. பெயரைப் பொறுத்தவரை, யாருடைய துணைப்பெயரும் வேண்டாம், வருஷச் சந்தா கட்டி ஒரு டொமைன் வாங்கிடுங்க. ஏ.பி.ஐ. கொடுக்கிற டி.என்.எஸ். சேவையில் அதை வைத்தால், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடும் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். அந்த சேவை மூடினால் டொமைனை எடுத்துக்கிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். ஆயுளை 60-லோ 120-லோ வையுங்க. முகவரி மாறினால் மட்டும் அப்டேட் அனுப்புங்க, சும்மா அனுப்பினால் 'அப்யூஸ்' வரும்.